மறதியும் ஒரு மேடையும்
அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் கிளென் கேம்பெல், தமக்கு அல்சைமர் நோய் என்று 2011இல் வெளிப்படையாக அறிவித்துவிட்டுத் தம் கடைசி இசைப்பயணத்துக்குக் கிளம்பினார். அவரைப் பின்தொடர்ந்து ஜேம்ஸ் கீச் எடுத்த ஆவணப்படம் 2015இல் சிஎன்என் வழியாக வீடுகளுக்குள் வந்தது. நோயின் கொடுமையைவிட அந்த மேடை அமைந்திருந்த விதம்தான் என்னை உலுக்கியது. பாடல் வரிகள் ஓடும் திரை அவர் முன்னால்; உடன் வாசிப்பவர்களில் மூவர் அவருடைய சொந்தப் பிள்ளைகள். மகள் ஆஷ்லி பேஞ்சோவோடு பக்கத்தில் நிற்கிறார். அப்பா தடுமாறும் இடத்தில் பிள்ளைகள் இசையைத் தாங்கிக்கொள்கிறார்கள். வரிகள் மறக்கின்றன, கிடாரில் ஓடும் விரல்கள் மறப்பதில்லை. புதியதைப் பதிந்துகொள்ளும் மூளைப் பகுதியை இந்நோய் பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. பல்லாண்டு பழகிய கைத்திறன் நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது. எத்தனை துண்டறிக்கை படித்தாலும் மனதில் பதியாத இந்த உண்மையைப் படம் கண்முன் நிறுத்திவிடுகிறது. ‘வயசாச்சு, மறதி வரத்தானே செய்யும்’ என்று நாம் தள்ளிப்போடும்போது மருத்துவரைப் பார்க்க வேண்டிய காலம் வீணாகிறது. ஊர் பேச்சுக்கு அஞ்சிப் பெரியவரை உள்ளறையிலேயே வைத்துவிடுகிறோம். நோயாளி இழந்ததை மட்டும் காட்டிக் கண்ணீர் வரவழைக்கும் படங்கள் அச்சத்தைத்தான் பெருக்கும். அவரிடம் இன்னும் என்ன மிச்சமிருக்கிறது, யார் தோள் கொடுத்தால் அது நிலைக்கும் என்று காட்டுவதே உண்மையான விழிப்புணர்வு. அத்தகைய படங்களுக்குத்தான் தொலைக்காட்சிகள் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.