பழங் கணிப்பொறியும் புதிய நினைவட்டையும்

நம் கலாசாலையின் பழைய மாணாக்கர் ஒருவர், பள்ளியாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர், அசோக் நகரில் தூணுக்குச் சமீபத்திலுள்ள தெருவொன்றில் வசிக்கின்றார். அவர் வீட்டு மாடியில் பி.பி.சி. மைக்ரோ என்னும் கணிப்பொறியொன்று இருக்கின்றது. பள்ளியொன்று கழித்த பொருள்களை ஏலம் விட்டபோது அவர் விலை கொடுத்து வாங்கியது. இங்கிலாந்தில் ஏக்கார்ன் கம்பெனியார் 1981-இல் வெளியிட்ட இப்பொறி, 1984-இல் நம் அரசாங்கத்தார் 'கிளாஸ்' என்னும் பள்ளிக் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது இந்நாட்டுப் பள்ளிகளிற் புகுந்தது. அதன் நினைவு 32 கிலோபைட்டே. கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்திற்கும் அது போதாது.

பொறியைப்பற்றி நமக்குக் கவலையில்லை. அதனருகிலுள்ள தட்டுப் பெட்டியே கவலை தருவது. பொறியில் தமிழெழுத்து இல்லாமையால், எட்டுக்கு எட்டாகிய கட்டங்களிற் புள்ளி வைத்து அவர்தம் மாணாக்கர் தாமே அமைத்த உயிரும் மெய்யும் அப் பிளாப்பித் தட்டுகளில் உள்ளன. 'ணௌ'வை எட்டுக் கட்டத்துள் அடக்க ஒரு சிறுவன் பட்ட பாட்டை அவர் இன்றும் சொல்லிச் சிரிக்கின்றார். 2015 டிசம்பர் வெள்ளத்தில், கீழ்த்தளத்திலிருந்த வேறொரு பெட்டி நனைந்து கெட்டது. எஞ்சியவற்றிலும் சென்னையின் ஈரக்காற்றினாற் பூஞ்சை படர்ந்துவருகின்றது.

இப்பொறிக்கு எஸ்.டி. அட்டையொன்றை இணைத்தல் வேண்டுமென்பது நம் அபிப்பிராயம். பொறியின் அடிப்புறத்துள்ள 'யூஸர் போர்ட்' என்னும் வாயிலில் ஒரு சிறு பலகையைச் செருகி, உள்ளே காலியாயிருக்கும் ரோம் குழியில் ஒரு சில்லைப் பொருத்தினாற் போதும். பொறியின் மின்னழுத்தம் 5 வோல்ட்டு. அட்டைக்கு வேண்டுவது 3.3. அவ்வேற்றுமையைப் பலகை சரிசெய்துகொள்ளும். தட்டொன்றுக்கு 200 கிலோபைட்டாக 511 தட்டுகளின் படிவங்கள் ஒரே அட்டையில் அடங்கும். பழைய நிரலோ தான் தட்டிலேயே படிப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும்!

இதனைக் கேட்ட நண்பரொருவர், பழந்துருத்தியையும் புதுத் திராட்சரசத்தையும் பற்றிய உவமையை எடுத்துக்காட்டி மறுத்தார். துருத்தி கிழியுமாயின் நாமும் மறுத்திருப்போம். இங்கே பற்றவைத்தலுமில்லை, துளையிடுதலுமில்லை, வேண்டாதபோது பிடுங்கிவிடலாம். பழைய தட்டோட்டியையும் எறிந்துவிடச் சொல்லவில்லை. அஃதின்றிப் பழந்தட்டைப் படிப்பதெங்ஙனம்? பொறியின் தூய்மையைக் காப்பதாகக் கூறி அதனைக் கண்ணாடிப் பேழையில் மூடிவைப்போர், அதனுள் எழுதப்பட்டதைச் சாகவிடுகின்றனர்.

நம் முன்னோர் ஏட்டுச்சுவடிகளை என்றுமே பழைய ஓலையிலேயே காத்ததில்லை. ஓலை பழுதாகுமுன் புத்தோலையிற் பெயர்த்தெழுதினர். பெயர்த்தெழுதாதவை செல்லுக்கு இரையாயின. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இற் சீவகசிந்தாமணியை அச்சிட்டதும் அவ்வழியில் வந்த பெயர்ப்பே. காகிதத்தில் ஏறியதனால் ஓலை இழிவடையவில்லை.

செய்முறையில் அவசரம் கூடாது. நெடுநாள் கிடந்த பொறியை எடுத்தவுடன் மின்சாரத்திற் செருகலாகாது. மின்வழங்கியிலுள்ள பழங் கெப்பாசிட்டர்கள் வெடித்துப் புகைவது இப்பொறிக்கு வழக்கம். அவற்றை முதலில் மாற்றுக. பூஞ்சைத் தட்டைத் துடைக்காமல் ஓட்டியிலிட்டால் படிக்கும் தலை அழுக்கேறி, அடுத்துவரும் நல்ல தட்டையும் கீறிவிடும். அட்டையும் அழியாப் பொருளன்று. அதிலுள்ள மின்னேற்றம் காலப்போக்கிற் கசியும். ஆகவே வேறிரண்டிடங்களிலாவது பிரதிகள் இருத்தல் வேண்டும்.

அட்டையும் பலகையும் வாங்கும் செலவு பெரிதன்று. பௌதிக சாஸ்திர மாணாக்கர் இருவர் சில சனிக்கிழமைகளை இதற்கு அளித்தாற் போதும். இத்தகைய தட்டுகளை வீட்டுப் பரணில் வைத்திருக்கும் பழைய மாணாக்கர் வேறு சிலரும் இருக்கக்கூடும். அவர்கள் அவற்றைக் குப்பையிற் சேர்க்குமுன் கலாசாலைக்குத் தெரிவிப்பாராக. அசோக் நகர்ப் பெட்டியில் இன்னும் இருபத்துமூன்று தட்டுகள் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவற்றைப் பெயர்த்துவிட வேண்டுமென அன்பர் கேட்டுக்கொண்டிருக்கின்றார்.