பழைய வீட்டை வாங்கி வித்தா லாபமா? பெயிண்ட் காப்பாத்தாது... கணக்குதான் காப்பாத்தும்!

சென்னை,

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பது பழமொழி. பாழடைஞ்ச வீட்டை வாங்கி, பளபளன்னு ஆக்கி வித்துப்பார் என்பதுதான் இப்போ புதுமொழி.

மேஸ்திரி ஒருத்தர், புரோக்கர் ஒருத்தர், கையில் கொஞ்சம் பணம் வைத்திருப்பவர் ஒருத்தர். மூணு பேர் சேர்ந்தால் போதும், தொழில் ரெடி. வடசென்னையில் இந்த ஆசையைத் தூண்டிவிட்டதில் மெட்ரோ ரெயிலுக்கும் பங்கு உண்டு. வண்ணாரப்பேட்டை - விம்கோ நகர் பாதையில் 2021 பிப்ரவரியில் ரெயில் ஓடத் தொடங்கியது. 2-ம் கட்டத்தில் மாதவரத்தில் இருந்து பெரம்பூர், அயனாவரம் வழியாக ஒரு பாதை, கொளத்தூர், வில்லிவாக்கம் வழியாக இன்னொரு பாதை. ஸ்டேஷன் வந்தால் விலை ஏறும் என்று நகையை அடகு வைத்துக்கூட இறங்குகிறார்கள்.

ஆனால் லாபம் அவ்வளவு சுலபமா?

10 லட்சம் எங்கே போச்சு?

ஒரு உதாரணம் பார்ப்போம். பழைய வீடு ரூ.40 லட்சம். ரூ.5 லட்சம் செலவு செய்து, ஆறு மாதத்தில் ரூ.50 லட்சத்துக்கு விற்கிறார்கள். செலவு போக ரூ.5 லட்சம் லாபம் என்றுதான் தோணும்.

பத்திர ஆபீசுக்கு போனால்தான் உண்மை தெரியும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் 1 முதல் 4-ல் இருந்து 2 சதவீதமாக குறைந்தது. ஆக 9 சதவீதம். ரூ.40 லட்சத்துக்கு ரூ.3 லட்சத்து 60 ஆயிரம். அரசு வழிகாட்டி மதிப்பு அதைவிட அதிகம் என்றால் இந்தத் தொகையும் ஏறும்.

வாங்கும்போதும் விற்கும்போதும் புரோக்கருக்கு 1 சதவீதம் என்று வைத்தால் ரூ.90 ஆயிரம். ரூ.20 லட்சம் கடன், வருஷத்துக்கு 10 சதவீத வட்டி என்றால் ஆறு மாதத்துக்கு ரூ.1 லட்சம்.

எல்லாம் கூட்டினால் ரூ.50 லட்சத்து 50 ஆயிரம். லாபம் இல்லை, ரூ.50 ஆயிரம் நஷ்டம்!

அதே வீட்டை பேரம் பேசி ரூ.36 லட்சத்துக்கு முடித்திருந்தால்? ரூ.3 லட்சத்து 90 ஆயிரம் மிச்சம். லாபம் பெயிண்ட் அடிக்கும்போது வருவதில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் அன்றைக்கே முடிவாகி விடுகிறது.

மிச்சத்திலும் வருமான வரி உண்டு. வாங்கி 24 மாதத்துக்குள் விற்றால் அந்த லாபம் அந்த வருஷ வருமானத்தோடு சேர்ந்து வரி கட்டணும். பழுது பார்த்ததற்கு பில் இருந்தால்தான் அதை செலவாகக் காட்ட முடியும். அட்வான்சை ரொக்கமாக ரூ.20 ஆயிரமோ அதற்கு மேலோ வாங்கினால் அதுவே தனி வம்பு.

தட்டிப் பார், தண்ணி பார்!

பழைய வீட்டில் பணத்தை விழுங்குவது சுவர் இல்லை, கூரை. கடற்காற்று அடிக்கும் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கான்கிரீட் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி உப்பி, சிமெண்டைப் பிளந்து தள்ளும். சுத்தியலால் லேசாக தட்டினால் உள்ளே வெற்றிடமாக சத்தம் கேட்டால் உஷார். மேலே பூசி மறைத்தால் அடுத்த மழையில் காட்டிக் கொடுத்துவிடும். பெயர்ந்ததை உடைத்து எடுத்து, கம்பியை தேய்த்து, துரு தடுப்பு பூசி, அப்புறம்தான் பூச்சு.

தேக்கு விட்டத்தின் மேல் செங்கல், சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் அதன் தலையில் புது கான்கிரீட் பாரம் ஏற்றக் கூடாது. பழைய தேக்கு கதவு, ஜன்னலை மரக்கடைக்கு தள்ளாமல் பாலிஷ் போட்டு வைத்தால் வீட்டுக்கே மதிப்பு.

இன்னொன்று தெரு. ரோடு மேல ரோடு போட்டு தெரு உயர்ந்து, வீடு பள்ளத்தில் நிற்பது சென்னையில் சகஜம். 2015 வெள்ளத்துக்கும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கும் அப்புறம், வீடு பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியே, வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா என்பதுதான். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு தடவை போய் பார்த்துவிட்டு பேரம் பேசுவதே புத்திசாலித்தனம்.

எது முதல்ல?

கையில் ரூ.5 லட்சம்தான் என்றால் வரிசை முக்கியம். முதலில் மொட்டை மாடி ஒழுகல். அடுத்து தண்ணி, சாக்கடை பைப். மூணாவது ஒயரிங், எர்த் கம்பி. அப்புறம் பாத்ரூம், சமையல் ரூம். பெயிண்ட் கடைசி. வெள்ளை அடிக்க, பூச, தரை மாற்ற பிளான் அனுமதி வேண்டாம். மாடியில் ரூம் ஏற்றினால் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமாக குறைந்தது ஒரு சின்ன ஆறுதல்.

பத்திரம் பத்திரம்!

வீடு சல்லிசாக கிடைக்குதே என்று துள்ளக் கூடாது. ஏன் சல்லிசு என்று கேட்கணும். நிலம் கோவிலுக்கு சொந்தமாக இருக்கலாம், கட்டிடம் மட்டும் விற்பவருடையதாக இருக்கலாம். அப்பா சொத்தை அண்ணன், தம்பி மட்டும் கையெழுத்து போட்டு விற்க, அக்கா, தங்கச்சி பிறகு கோர்ட்டுக்கு போனால் வீடு வருஷக்கணக்கில் முடங்கும். வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். வில்லங்க சான்றிதழ், பட்டா, வாரிசு சான்றிதழ் மூன்றையும் வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுப்பது தற்கொலைக்கு சமம்.

ஒழுகலையும் துருவையும் பெயிண்டால் மூடி விற்றால், சன்ஷேடு பெயர்ந்து விழுவது அடுத்து குடிவரும் குடும்பத்தின் தலையில். அவர்களும் கடன் வாங்கித்தான் வந்திருப்பார்கள். ஒழுங்காக செய்து, பில்லோடு காட்டி விற்கிற மேஸ்திரிக்கு அடுத்த வீடு தானாக வரும். ஏமாற்றி விற்றவருக்கு அந்தத் தெருவில் மறுபடி வேலை கிடைக்காது.