வயசான காலத்தில் கடலில் என்ன வேலை?

போன வாரம் காந்தி சிலைப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது, என்னோடு ஆபீசில் வேலை பார்த்த தோழி ஒருத்தி பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, சுறாவோடு நீந்தினாயாமே? வயசான காலத்தில் கடலில் உனக்கென்ன வேலை?" நின்ற இடத்தில் சொன்ன பதில் அவளுக்குப் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் மாப்பிள்ளை பிரெஞ்சு ராணுவத்தில் இருக்கிறார். சொல்தா குடும்பங்கள் நம் புதுச்சேரிக்குப் புதிதில்லையே. அவருக்கு ஜிபுத்தியில் பணி. டிசம்பரில் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே தஜுரா வளைகுடாவில், அர்த்தா கடற்கரையை ஒட்டி, அந்த மாதங்களில் திமிங்கலச் சுறாக்கள் இரை தேடி வரும். பேரில் திமிங்கலம் இருந்தாலும் அது மீன்தான். உலகத்திலேயே பெரிய மீன். நன்றாக வளர்ந்தது 12 மீட்டரைக்கூடத் தாண்டும். அங்கே வருபவை பெரும்பாலும் இளசுகள், நாலைந்து மீட்டர் இருக்கும். "அத்தை, நீங்களும் வாங்க" என்றார் மாப்பிள்ளை.

பிரெஞ்சில் சுறாவுக்கு ரெக்கேன் என்று பெயர். இறந்தவர்களுக்காகச் சொல்லும் ரெக்வியெம் ஜெபத்திலிருந்து அந்தச் சொல் வந்தது என்று பள்ளியில் மா சேர் சொல்லிக்கொடுத்திருந்தார். அது கட்டுக்கதையாக இருக்கலாம் என்று பிறகுதான் படித்தேன். ஆனால் எட்டு வயதில் காதில் விழுந்தது எழுபதிலும் போவதில்லை.

மகள் கைப்பேசியில் எதை எதையோ எடுத்துக் காட்டினாள். இந்த மீன் தின்பது மிதவை உயிரிகளும் மீன் முட்டையும் சின்னச் சின்ன மீன்களும்தான். பற்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் பொடிப் பொடியானவை, கடிக்க உதவாது. தொண்டை குறுகல், மனிதரை விழுங்கவே முடியாது. எல்லாவற்றையும் படித்தேன். பயம் ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை. படித்ததெல்லாம் மீனைப் பற்றி. எனக்கிருந்த பயமோ தண்ணீரைப் பற்றி.

கடலிலிருந்து நாலு தெரு தள்ளிப் பிறந்தவள் நான். முழங்காலுக்கு மேல் கடல்நீர் பட்டதில்லை. சிறுமியாக இருந்தபோது எதிர்வீட்டு அண்ணன் ஒருவர் கடலில் குளிக்கப் போனார், மறுநாள்தான் கரை ஒதுங்கினார். அன்றோடு எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளுக்குக் கடல் மூடியாயிற்று. என் தம்பிகள் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தார்கள். போனது ஆண்பிள்ளை, தடை பெண்பிள்ளைகளுக்கு! எத்தனையோ வருஷம் கணக்குப் பார்த்தவள் நான், இந்தக் கணக்கு மட்டும் இன்றுவரை நேராகவில்லை.

ஆகவே மீனை விட்டுவிட்டுத் தண்ணீரிலிருந்து தொடங்கினேன். முதலில் குளியலறையில் ஒரு வாளி. கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு முகத்தை அதில் முக்குவேன். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு மூன்று நாள் காலையில் இடுப்பளவு கடலில், மிதவைச் சட்டையோடு. அங்கேதான் சூட்சுமம் பிடிபட்டது. பயந்தவர் மூச்சை இழுத்துக்கொண்டே இருப்பார், விடமாட்டார். மாப்பிள்ளை சொன்னதும் அது ஒன்றுதான்: "மெதுவா வெளியே விடுங்க அத்தை."

முதல் முறை போனபோது நான் படகைவிட்டு இறங்கவேயில்லை. அதில் எனக்கு வெட்கமும் இல்லை. இரண்டாம் முறை இறங்கினேன். தண்ணீர் கலங்கல் பச்சை, மிதவை உயிரிகள் நிறைந்திருந்தால் அப்படித்தான் இருக்கும். ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று முறம்போல் அகன்ற ஒரு வாய். பின்னால் கோலத்துக்கு வைத்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள், வரிசை வரிசையாக. மூச்சை விட்டேன். அது என்னைச் சட்டை செய்யவேயில்லை, தன்பாட்டுக்குப் போயிற்று. ஒன்றின் புள்ளி மற்றொன்றுக்கு வராதாம். நட்சத்திரக் கூட்டங்களை ஒப்பிட வானியலார் போட்ட கணக்கை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள்.

கடந்து போகும்போது அதன் முதுகில் ஒரு தழும்பைப் பார்த்தேன். படகின் விசிறி வெட்டியது என்றார் மாப்பிள்ளை. மேல்மட்டத்தில் இரை தின்னும் மீன், வேகமாக வரும் படகுக்கு என்ன செய்யும்? அதன்பின் எனக்கிருந்த பயமெல்லாம் எங்கள் படகைப் பற்றியே.

அதனால் போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆஸ்திரேலியாவில் நிங்கலூவில் தண்ணீரில் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் கூடாது, மீனைத் தொடக்கூடாது, தலையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்குப் போங்கள். பிலிப்பைன்ஸில் ஒஸ்லோபில் இறால்குஞ்சு போட்டுப் பழக்கி, படகருகே நிறுத்திக் காட்டுகிறார்கள். காசு புழங்குகிறது, ஏழைகள் பிழைக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் தீனிக்குக் காத்து நிற்கும் மீனைப் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன்?

நம் நாட்டிலும் வேறு வழி காட்டியவர்கள் உண்டு. குஜராத் கரையில் ஒரு காலத்தில் இந்த மீனை எண்ணெய்க்கும் இறைச்சிக்கும் வேட்டையாடினார்கள். 2001இல் சட்டம் தடை செய்தது. ஆனாலும் மனது மாறியது, கதை சொல்லும் மொராரி பாபு அதைப் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று சொன்ன பிறகுதான். இப்போது வலையில் சிக்கினால் வலையையே அறுத்து விடுகிறார்கள்.

தோழி இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "மூக்கில் தண்ணீர் ஏறலையாடி?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வாளி இருக்கிறது.