தனியாட்டமா, அணியாட்டமா?

இரவு உணவு முடிந்த பின் மாணவர் விடுதியின் தாழ்வாரத்தில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். ஓர் அறையில் இருவர் அமர்ந்திருப்பர். இருவரும் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பர். ஆனால் ஒருவரோடு ஒருவர் அன்று. இருவர் கையிலும் கைப்பேசி. எதிரே ஆடுபவர் எந்நாட்டவர் என்பதையும் அவர்கள் அறியார். மூன்று நிமிடத்தில் ஆட்டம் முடிகிறது. வென்றால் தரப்புள்ளி சிறிது கூடும், தோற்றால் குறையும். குறைந்ததை மீட்க மற்றோர் ஆட்டம், அதன் பின் இன்னுமோர் ஆட்டம் என்று நள்ளிரவும் கடந்துவிடுகிறது.

தனியாட்டத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 14 ஆட்டங்கள் ஆடி, 18 வயதில் உலக வாகையரான சென்னை இளைஞர் குகேஷ், பலகையின் முன் தனியாகவே அமர்ந்திருந்தார். தன் பிழைக்குத் தானே பொறுப்பு என்னும் உறுதியைத் தனியாட்டம் போல் வேறொன்று கற்பிப்பதில்லை. எனினும் இணையத்தில் ஆடப்படும் தனியாட்டத்தில் அந்த உறுதியும் தேய்ந்து விடுகிறது. தோல்வி நெருங்கினால் திரையை மூடிவிட்டுப் போகலாம். ஏன் போனாய் என்று கேட்பார் இல்லை.

அணியாட்டத்தில் அவ்வாறு போக இயலாது. இதற்கு 2020 ஆம் ஆண்டைவிடச் சிறந்த சான்று நமக்குக் கிடைக்காது. பெருந்தொற்றினால் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவ்வாண்டு ஒலிம்பியாடை இணையத்திலேயே நடத்தியது. ஒவ்வோர் அணிக்கும் ஆறு பலகைகள். அவற்றுள் மூன்று பெண்களுக்கு உரியவை. காலிறுதியில் நம் நிகால் சரினை எதிர்த்து ஆடிய ஆர்மீனிய வீரரின் இணைப்பு அறுந்து, அவர் ஆட்டத்தை இழந்தார். அவ்வணியின் முறையீடு ஏற்கப்படவில்லை. அவர்கள் மறு சுற்றை ஆடாமலே விலகினர். அரையிறுதியில் போலந்தும் நாமும் ஆளுக்கொரு சுற்றை வென்றிருக்க, தீர்மான ஆட்டம் கோனேரு ஹம்பியின் கைக்கு வந்தது, அவர் வென்றார். ஆகஸ்ட் 30 அன்று ரஷ்யாவுடன் இறுதிப்போட்டி. முதற்சுற்று 3–3. இரண்டாம் சுற்றில் உலகின் பல பகுதிகளில் இணையம் தடைப்பட, அதே நிகால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் கெடிகாரம் தீர்ந்து தோற்றனர். இந்தியா முறையிட்டது. இறுதியில் இரு நாடுகளுக்கும் தங்கம் என்று கூட்டமைப்பின் தலைவர் அறிவித்தார்.

முன்னர் ஆர்மீனியருக்குக் கிட்டாத சலுகை பின்னர் நமக்குக் கிட்டியதே என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வியை நாம் தள்ளிவிட மாட்டோம். தடையின் அளவு வேறு என்பது உண்மைதான். ஆயினும் தங்கத்தின் மகிழ்ச்சியில் அந்த ஆர்மீனிய இளைஞரை மறப்பது முறையாகாது. நாம் கருதுவது இதுதான்: தனியாட்டத்தில் அறுந்த இணைப்பு ஒருவருடைய எரிச்சலோடு முடிந்திருக்கும். இங்கே அஃது ஒரு நாட்டின் முறையீடாயிற்று. தோற்ற இளையோரைக் காக்க அவர்தம் அணியே முன்வந்து நின்றது.

அணி என்னும் பெயர் பெற்றவை எல்லாம் அணியாட்டம் ஆகிவிடா. சில தளங்களில் குழுப்போர் என்ற ஒன்று நடைபெறுகிறது. நூறு பேர் குழுவில் சேர்ந்தாலும், மிகுதியாகப் புள்ளி பெற்ற சிலருடைய கணக்கே கூட்டப்படும். ஏனையோர் ஆடினார்களா, உறங்கினார்களா என்று எவரும் பார்ப்பதில்லை. நால்வர் இரு பலகைகளில் இருவர் இருவராகச் சேர்ந்து ஆடும் ஆட்டம் அத்தகையதன்று. நான் வெட்டிய காய் என் தோழனிடம் போகும். அவன் அதைத் தன் பலகையில் இறக்குவான். நான் மெதுவாக ஆடினால் அவன் திணறுவான். பலகையைச் சுற்றி நால்வர் அமர்வது பழைய வழக்கமே. பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அறிஞர் அல்பிரூனி, நால்வர் பகடை உருட்டி ஆடிய சதுரங்கத்தைக் குறித்து வைத்துள்ளார்.

கணினியின் துணையோடு திருட்டுத்தனமாக ஆடும் தீமையும் இணையத்தில் உண்டு. தனியே ஆடுபவன் பிடிபட்டால் அவன் கணக்கு மூடப்படும். மறுநாள் வேறொரு பெயரில் வருவான். 2020 இலேயே ஓர் இணைய அணித்தொடரின் இறுதிப்போட்டியில் வென்ற அணி, தன் வீரர் ஒருவரின் முறைகேட்டினால் பட்டத்தையே இழந்தது. குற்றமற்ற தோழரும் அவரோடு சேர்ந்து இழந்தனர். இது கொடுமை என்பர் சிலர். அந்த அச்சமே பலரை நேர்வழியில் நிறுத்தும் என்பது நம் துணிபு.

பெரியோர் முன் ஒன்றைப் பணிவுடன் வைக்கிறோம். வெளியூர்ப் போட்டிக்கு மகளை அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. அத்தயக்கத்தைக் குறித்து ஈண்டு வாதிட வேண்டுவதில்லை. இணைய அணியாட்டத்திற்குப் பயணம் தேவையில்லை. வீட்டுக் கூடத்தில் பெற்றோர் அருகிலிருக்கவே அவள் கல்லூரிக்காக ஆடலாம். பெண்களுக்கு மூன்று பலகை என்னும் அந்த விதியை நம் துறைகளுக்கிடையேயான போட்டியிலும் வைத்தால், அவள் இல்லாமல் எந்தத் துறையும் அணியை நிரப்ப இயலாது. வாரம் ஒரு மாலை, பலகைக்குப் பதினைந்து நிமிடம் போதும். கணினிக் கூடத்தை ஐந்து மணிக்குப் பூட்டாமல் ஆறரை வரை திறந்து வைக்க நிருவாகம் இசைய வேண்டும். எந்தத் துறை முதலில் அணி அமைக்கும் என்பதை மாணவர் சொல்லட்டும்.