உள்ளூராருக்குப் படுக்கை இல்லை

இந்திய நகரங்களில் அண்மை ஆண்டுகளில் பெருகியிருக்கும் பயணியர் ஹாஸ்டல்களின் விதிமுறைகளில் ஒரு வரி அடிக்கடி தென்படுகிறது: உள்ளூர் அடையாள அட்டை ஏற்கப்படாது. ஆறு பேரோ எட்டுப் பேரோ உறங்கும் அறையில் ஓர் அடுக்குக் கட்டில், பொதுச் சமையலறை, மொட்டை மாடியில் முன்பின் அறியாதவர்களோடு உரையாடல், மாணவர் கைக்கு எட்டும் வாடகை ஆகிய அனைத்தும் அந்நகரத்து முகவரி பொறித்த ஆதார் வைத்திருப்பவருக்கு மட்டும் மறுக்கப்படுகின்றன. நிர்வாக வசதிக்கான சிறு விதி என்று பலரும் இதைக் கடந்துபோகின்றனர். சிறு விதி அன்று இது. ஒருவரின் நடத்தையைப் பாராமல் அவரது முகவரியைப் பார்த்துக் கதவடைக்கும் பாகுபாடு.

ஹைதராபாத்தை எடுத்துக்கொள்வோம். நகரின் மேற்கு விளிம்பில் கச்சிபௌலியில் மத்தியப் பல்கலைக்கழகம். அங்கிருந்து பழைய நகரம் இருபது கிலோமீட்டருக்கு மேல். ஆய்வு மாணவியர் இருவர் ஒரு வார இறுதியை நகரின் நடுவில் கழிக்க எண்ணுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் சேருமுன் விடியலில் சார்மினார், சனிக்கிழமை சாலார் ஜங் அருங்காட்சியகம், ஞாயிறன்று அபிட்ஸ் நடைபாதையில் பழைய புத்தகச் சந்தை. இரவுதோறும் வளாகத்துக்குத் திரும்பி மறுநாள் காலையில் மீண்டும் பேருந்து பிடிப்பதற்குப் பதில், இரண்டு இரவு ஹாஸ்டலில் தங்கலாம் என்பது திட்டம். ஒருத்தியின் ஆதாரில் திருநெல்வேலி முகவரி. ஐந்தாண்டுகளாக அவள் வசிப்பதோ ஹைதராபாத்தில். மற்றவள் செகந்திராபாத்தில் பிறந்தவள். பிறந்த நகரத்தில் ஓர் இரவுகூட வீட்டுக்கும் வளாகத்துக்கும் வெளியே தங்கியறியாதவள். நகரத்தின் சந்துபொந்தெல்லாம் அறிந்த முதலாமவள் 'பயணி' ஆகிறாள். இரண்டாமவள் 'உள்ளூர்' ஆகித் திருப்பி அனுப்பப்படுகிறாள்.

சொல்லளவிலேயே இவ்விதி பிழையானது. உள்ளூர், வெளியூர் என்பவை பேசுபவர் நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பொருள்கொள்ளும் சொற்கள். கச்சிபௌலியிலிருந்து நோக்கினால் சார்மினார் வெளியூர்தான். பெருநகரம் என்பதே பல ஊர்களின் தொகுதி. அட்டையின் ஆறிலக்க அஞ்சல் குறியீடு அந்த உறவுநிலையைக் கழித்துவிட்டு, மனிதரின் மாறாத குணமாக 'உள்ளூர்மை'யை நிறுவிவிடுகிறது. தமிழில் விருந்து என்ற சொல்லின் பழைய பொருள் புதுமை. விருந்தினர் என்போர் புதிதாய் வந்தோர். உள்ளூரார் புதியவர் அல்லரே என்று விடுதியாளர் இச்சொல்லையே தம் பக்கம் இழுக்கலாம். ஆனால் புதுமை கால்கள் கடந்த தொலைவில் இல்லை. கண்கள் காணாததில் இருக்கிறது.

விடுதியாளர் தரப்பின் வாதங்கள் மூன்று. முதலாவது, உள்ளூர் இளைஞர்கள் குடித்துக் கூச்சலிட வருகின்றனர் என்பது. கூச்சலிடுவோர் எந்த ஊராராயினும் வெளியேற்றலாம். அதற்கான விதி கூச்சலைப் பற்றியதாக இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து குழுவாக வந்து விடியவிடியக் கும்மாளமிடுவோரை எந்த ஆதாரும் தடுத்ததில்லை.

இரண்டாவது, தனியே பயணிக்கும் பெண்களின் பாதுகாப்பு. இது மெய்யான அக்கறை, எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் அதற்கான விடைகள் பெண்களுக்கெனத் தனி அறை, பூட்டுள்ள பெட்டகம், இரவிலும் விழித்திருக்கும் வரவேற்பாளர், புகாருக்கு உடனடி நடவடிக்கை ஆகியவை. பெண்களின் பாதுகாப்புக்கெனச் சொல்லப்படும் விதி, பெண்கள் அறையில் படுக்கை கேட்கும் பெண்ணையே திருப்பி அனுப்புமானால் அது யாரைக் காக்கிறது?

மூன்றாவது, காவல்துறைத் தொல்லை. இங்கேதான் முரண் உச்சம் தொடுகிறது. அயல்நாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையை விடுதிகள் சுமக்கின்றன. தயங்காமல் நிறைவேற்றவும் செய்கின்றன. எவரது முகவரியை மிக எளிதில் சரிபார்க்க முடியுமோ, அந்த உள்ளூராரே ஐயத்துக்குரியவர் ஆகிவிடுகிறார். உண்மையான அச்சம் வேறு. 'இதே ஊரில் வீடிருக்க, வெளியே ஏன் தங்க வேண்டும்?' என்ற கேள்வியின் பின்னே ஒழுக்கம் பற்றிய சந்தேகம் ஒளிந்திருக்கிறது. மணமாகாத இருவர் விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று, கோவையில் சீல் வைக்கப்பட்ட தங்குமிடம் ஒன்றின் வழக்கில் 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அறையில் இருவர் தங்குவதையே சட்டம் தடுக்காதபோது, எண்மர் உறங்கும் பொது அறையில் ஒரு கட்டிலுக்கு எதற்கு இத்தனை ஒழுக்கக் காவல்?

அரசமைப்பின் 15(2) ஆம் உறுப்பு மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு எந்தக் குடிமகனுக்கும் கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள் முதலியவற்றில் நுழைவு மறுக்கப்படலாகாது என்கிறது. முகவரி அப்பட்டியலில் இல்லை. எழுத்தளவில் விடுதியாளர் தப்பிவிடுகிறார். ஆனால் மாணவர் பலருக்கும் அடையாள அட்டையில் இருப்பது அவர்கள் வாழும் இடமன்று, பிறந்து வளர்ந்த வீடு. அவர்கள்மீது முகவரி என்ற பெயரில் செயல்படுவது பெரும்பாலும் பிறப்பிடமே.

வரலாறும் இவ்விதிக்குத் துணை நிற்கவில்லை. இளையோர் விடுதி இயக்கத்தைத் தொடங்கிய ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மான் 1912இல் ஆல்ட்டெனா கோட்டையில் நிலையான விடுதியை அமைத்தார். தொழில் நகரங்களின் புகையில் வளர்ந்த பிள்ளைகள் நடந்தே திரிந்து நாட்டைக் காண வேண்டும் என்பது அவரது நோக்கம். கால்நடையாய் வரும் பிள்ளை எவ்வளவு தொலைவிலிருந்து வந்திருக்க முடியும்? அருகிலிருப்போர் தம் அருகிலிருப்பதைக் காணவும் பிறந்த நிறுவனத்தின் பெயரைச் சூடிக்கொண்டு, அருகிலிருப்போரையே விலக்குவது வேடிக்கை.

இதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பணமுள்ள உள்ளூரார் நட்சத்திர விடுதியில் 'ஸ்டேகேஷன்' கொண்டாடுகிறார். அங்கே அவரது ஆதார் வரவேற்கப்படுகிறது. தடை விழுவது உதவித்தொகையில் வாழும் ஆய்வாளர்மீது, நள்ளிரவு ரயிலில் இறங்கி வளாகம் சேர முடியாத மாணவிமீது, வீட்டில் வன்முறைக்கு அஞ்சி ஓரிரவு பாதுகாப்புத் தேடுபவர்மீது. பல்கலைக்கழக விடுதிகளின் இரவுக் கட்டுப்பாட்டை எதிர்த்து 2015இல் டெல்லி மாணவியர் 'பிஞ்ஜ்ரா தோட்', அதாவது கூண்டை உடை, என்று திரண்டனர். ஒரு ஹாஸ்டல் பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டுகிறது. மற்றொரு ஹாஸ்டல் அவளை வெளியே நிறுத்திப் பூட்டுகிறது. இரண்டு பூட்டுக்கும் சாவி ஒன்றே: தன் ஊரில் ஓரிரவை எங்கே கழிப்பது என்று அவளே தீர்மானிக்கலாகாது என்ற எண்ணம்.

செய்ய வேண்டியது கடினமானதன்று. விடுதிகள் முகவரி விதியை நீக்கி நடத்தை விதிகளை எழுதட்டும். முன்பதிவுத் தளங்கள் இவ்விதியுள்ள விடுதிகளைப் பட்டியலிட மறுக்கட்டும். சுற்றுலாத் துறைகள் உரிமம் வழங்கும்போது இதைக் கேட்கட்டும். கருத்தரங்கு விருந்தினரை ஹாஸ்டல்களில் தங்கவைக்கும் கல்வித் துறையினர், பதிவு செய்யும் முன் இந்த ஒரு வரி அங்கே உள்ளதா என்று பார்த்து, இருந்தால் வேறிடம் தேடட்டும். பிறந்த நகரத்தைப் பார்க்க வந்தவளுக்குப் படுக்கை தராத இடம், பயணியர் விடுதி என்று தன்னை அழைத்துக்கொள்ளும் தகுதியை இழந்துவிடுகிறது.