பட்டமும் ஸ்டியரிங்கும்

கல்லூரியின் கடைசி ஆண்டில் கால் வைத்துவிட்ட எவரும் ஒரு கேள்விக்குத் தப்ப முடியாது. "படித்து முடித்ததும் என்ன செய்யப் போகிறாய்?" உறவினர் கேட்பார், ஊர்ப் பெரியவர் கேட்பார், பேருந்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்தவரும் கேட்பார். சென்ற பருவத்தில் எங்கள் மூன்றாம் ஆண்டுப் பொருளியல் வகுப்பிலும் பேராசிரியர் ஒருவர் இதையே கேட்டார். தேர்வாணையத் தேர்வு என்றனர் பலர், பி.எட். என்றனர் சிலர், வங்கி, காவல்துறை என்று விடைகள் வரிசையாக வந்தன. கடைசி வரிசையில் இருந்த நண்பர் எழுந்து, "லாரி ஓட்டப் போகிறேன், ஐயா" என்றார். வகுப்பே சிரித்தது.

நானும் சிரித்தேன். இருபத்தாறு ஆண்டுகளாக லாரி ஓட்டும் ஒருவரின் மகன் நான். என் கல்லூரிக் கட்டணமும் விடுதிச் செலவும் அந்த உழைப்பிலிருந்துதான் வருகின்றன. அப்படியிருந்தும் சிரித்தேன் என்றால், அந்தச் சிரிப்பை எங்கிருந்து கற்றேன் என்று என்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இக்கட்டுரை அந்த நண்பருக்கு நான் செலுத்த வேண்டிய கடன்.

பாரம் ஏற்றிச் செல்லும் தொழிலை இகழ்வது தமிழ் மரபன்று. சங்க காலத்து உமணர்கள் கடற்கரை உப்பை எருது பூட்டிய வண்டிகளில் ஏற்றி, வரிசை வரிசையாக உள்நாட்டுக்குக் கொண்டு சென்றார்கள். மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று எண்ணி, மாற்று அச்சு ஒன்றையும் வண்டியின் அடியில் கட்டிச் சென்றனர் என்ற செய்தி புறநானூற்றில் உண்டு. இன்றைய லாரியில் தொங்கும் ஸ்டெப்னிக்கு அந்த அச்சே மூதாதை. அன்று உமணர் வராவிட்டால் குழம்பில் உப்பில்லை. இன்று லாரி ஓடாவிட்டால் அரிசியில்லை, மருந்தில்லை, அடுப்பில் எரிவாயுவும் இல்லை.

நம் வட்டாரத்துக்கு இதை எடுத்துச் சொல்லவே வேண்டியதில்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் வானம் பார்த்த மேட்டுக்காட்டு நிலங்களுக்கு நடுவே அமைந்தவை. காடு கைவிட்டபோது அம்மக்கள் சாலையைப் பிடித்துக்கொண்டார்கள். கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, கடன் வாங்கி ஒரு பழைய வண்டிக்கு உரிமையாளரானவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. நாமக்கல்லில் பாடி கட்டிய லாரி இந்தியாவின் எந்த மூலையிலும் கண்ணில் படும். எரிவாயு டேங்கர் லாரிகளுக்கும் அவ்வூரே தென்னகத்தின் தலைமையிடம். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லை முட்டையும் லாரியும் சேர்ந்தே வளர்த்தன எனலாம். இத்தகைய மண்ணில் இருந்துகொண்டு லாரி என்றதும் சிரிப்பது, உண்ட வீட்டை இகழ்வதற்கு ஒப்பாகும்.

ஆயினும் "உழைப்பே உயர்வு" என்று மேடையில் முழங்கிவிட்டு இறங்கிவிட நான் விரும்பவில்லை. அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். அப்பா டிரிப் முடித்து வந்து வாசல் கட்டிலில் படுத்திருந்தார். வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வண்டி ஓட்டக் கத்துக்கறதுக்கு ஒரு வருசம் போதும் கண்ணு. 'முடியாது'ன்னு சொல்லக் கத்துக்கறதுக்குத்தான் எனக்கு இருபது வருசம் ஆச்சு" என்றார். நான் சொல்ல வந்த கருத்து முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

முதலில் வண்டி ஓட்டக் கற்பதைப் பார்ப்போம். இருபது வயது நிரம்பாதவர் சரக்கு வண்டி ஓட்ட 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருவதில்லை. இலகுரக வண்டிக்கான உரிமத்தை ஓராண்டாவது வைத்திருந்த பின்னரே கனரக வண்டி பழகுவதற்கான உரிமம் கிடைக்கும். பெட்ரோல், எரிவாயு, அமிலம் போன்ற ஆபத்தான பொருள்களை ஏற்ற வேண்டுமானால் தனிப் பயிற்சி பெற்று, உரிமத்தில் அதற்கான குறிப்பையும் பெற வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி முன்பு இருந்தது. 2019இல் அது நீக்கப்பட்டது.

உரிமம் கைக்கு வந்தவுடன் எந்த முதலாளியும் பத்துச் சக்கர லாரியைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார். முன்பெல்லாம் கிளீனர் வேலையே ஓட்டுநர்களின் பள்ளிக்கூடம். தார்ப்பாய் விரிப்பது, கயிறு இழுத்துக் கட்டுவது, டயரைத் தட்டிப் பார்த்துக் காற்றின் அளவை அறிவது, பின்னால் நின்று கைகாட்டி வண்டியை ஒதுக்குவது எனப் பல ஆண்டுகள் பழகிய பிறகே ஸ்டியரிங் கைக்கு வரும். இப்போது கிளீனர் இல்லாமலே பல வண்டிகள் ஓடுகின்றன. அந்தப் பள்ளிக்கூடம் மூடப்பட்டுவிட்டது. ஆகவே புதிதாக வருகிறவர் முறையான பயிற்சி நிலையத்தில் சேர்ந்து கற்று, அதன்பின் அனுபவம் மிக்க ஓட்டுநர் ஒருவருக்குத் துணை ஓட்டுநராகச் சில டிரிப்புகளாவது போய்வருவது நலம்.

இனி "முடியாது" என்னும் பாடத்துக்கு வருவோம். அதை மூன்று இடங்களில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, தூக்கத்தை விற்க முடியாது. "நாளைக் காலைக்குள் சரக்கு இறங்க வேண்டும்" என்று புக்கிங் ஆபீஸிலிருந்து குரல் வரும். இரவு இரண்டு மணிக்கு மேல் கண் திறந்திருக்கும், மனம் உறங்கிவிடும். அப்போது நேர்வதைச் செய்தித்தாளில் நாம் தினமும் படிக்கிறோம். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரைமணி நேர ஓய்வும் தந்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் சிறு உரிமையாளரிடம் வேலை பார்த்தவருக்கு அந்த வரம்பு எட்டவே இல்லை. சட்டம் ஏட்டில் இருந்தது. ஓட்டுநர் சாலையில் இருந்தார்.

இரண்டாவது, அளவுக்கு மீறிய பாரத்தை ஏற்ற முடியாது. மயிலிறகே ஆனாலும் மிகுதியாக ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற பொருளில் வள்ளுவர் ஒரு குறள் இயற்றியிருக்கிறார். மயிலிறகுக்கே அப்படியென்றால் இரும்புக் கம்பிக்குச் சொல்ல வேண்டுமா? 2018இல் மத்திய அரசு மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தியது. அதற்கு மேலும் ஏற்றச் சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் மிகைபாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. ஏற்றச் சொன்னவர் எடைமேடையில் நிற்பதில்லை. நிற்பவர் ஓட்டுநர் ஒருவரே. டயர் வெடித்தாலும் பிரேக் தாங்காமல் போனாலும் உயிரைப் பணயம் வைப்பவரும் அவரே.

மூன்றாவது, இறக்கத்தில் நியூட்ரல் போட முடியாது. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூர் கணவாயை அறியாதவர் இருக்க முடியாது. அங்கு நேர்ந்த பல விபத்துகளுக்கு, டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டதே காரணம் என்று கூறப்படுகிறது. கியரில் இறங்கும்போது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழுகிறது. மிதிக்க மிதிக்கப் பிரேக் டிரம் காய்ந்து, ஒரு கட்டத்தில் பிடிப்பே இல்லாமல் போகும். இதில் வேதனை என்னவென்றால், அந்த டீசல் மிச்சமாவதும் இல்லை. கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இக்கால எஞ்சின்களில் டீசல் செல்வதே நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கத் தனியாக டீசல் வேண்டும். இல்லாத மிச்சத்துக்காக இருக்கும் உயிரைக் கொடுப்பதை என்னவென்று சொல்வது!

"இதற்கெல்லாம் பட்டம் எதற்கு? மூன்றாண்டுப் படிப்பு வீணல்லவா?" என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுதான். கியர் மாற்றப் பட்டம் வேண்டியதில்லை. நியூட்ரல் ஏன் ஆகாது என்று புரிந்துகொள்ளவும், கையில் தரும் காகிதத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடவும், டிரிப் கணக்கில் தனக்கு வர வேண்டியதைக் கூட்டிப் பார்க்கவும், "ஐயா, இந்தப் பாரம் சட்டப்படி கூடாது" என்று நிமிர்ந்து நின்று சொல்லவும் படிப்பு உதவும். என் தந்தைக்கு இருபது ஆண்டுகள் பிடித்த பாடத்தை என் நண்பர் இரண்டாண்டில் கற்றுக்கொள்ளக்கூடும். அப்படியானால் அவருடைய படிப்பு வீணாகவில்லை.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. வணிகவியலும் சட்டமும் படித்த போபால் நகரத்து யோகிதா ரகுவன்ஷி, கணவர் விபத்தில் இறந்தபின் குழந்தைகளைக் காப்பாற்ற லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்தார். மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்றிச் சென்று குடும்பத்தை நிலைநிறுத்தினார். அவருக்குப் பட்டம் பாரமாக இருக்கவில்லை.

இந்த இடத்தில் உண்மையை மறைப்பது நேர்மையாகாது. "முடியாது" என்று சொன்னவருக்கு அடுத்த டிரிப் கிடைக்காமல் போவதும் உண்டு. அவர் இடத்தில் ஏற இன்னொருவர் காத்திருப்பார். தனி ஒருவரின் துணிவு மட்டும் போதாது. சங்கமும் சட்டமும் அவர் பின்னால் நிற்க வேண்டும். 2020இல் சேவ்லைஃப் அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வில், இந்தத் தொழிலுக்கு வருமாறு தம் உறவினருக்குச் சொல்ல மாட்டோம் என்று 84 விழுக்காட்டு லாரி ஓட்டுநர்கள் கூறினார்கள். என் தந்தையும் அவர்களுள் ஒருவராகவே இருப்பார். லாரி ஓட்டுவதை அவர்கள் வெறுக்கவில்லை. வழியில் படுக்க இடமில்லாமை, கேட்பாரில்லாத மாமூல், வீட்டு நல்லது கெட்டதுக்கு வர முடியாமை, மகனுக்குப் பெண் கேட்கப் போனால் "டிரைவரா?" என்று இழுக்கும் குரல் ஆகியவற்றையே வெறுக்கிறார்கள்.

மாறுதல் சிறிது சிறிதாக வரவே செய்கிறது. புதிதாகச் செய்யப்படும் லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி வேண்டும் என்று மத்திய அரசு 2023இல் அறிவிக்கை வெளியிட்டது. விபத்து நடந்த இடத்திலிருந்து தெரிவிக்காமல் சென்றுவிடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற புதிய சட்டப் பிரிவை எதிர்த்து, 2024 ஜனவரித் தொடக்கத்தில் வட மாநிலங்களில் லாரிகள் நின்றன. இரண்டே நாளில் பெட்ரோல் பங்குகளில் கூட்டம் அலைமோதியது. சங்கத்தினரைக் கலந்து பேசாமல் அப்பிரிவை நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று அரசு வாக்களித்தது. அடிபட்டவரை விட்டு ஓடுவது தவறு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்ற அச்சம் போகாமல், தண்டனையை மட்டும் கூட்டினால் ஓட்டம் நின்றுவிடுமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். வேலைவாய்ப்பு வழிகாட்டும் கூட்டங்களுக்குத் தேர்வுப் பயிற்சியாளர்களை அழைக்கிறோம். வங்கி அலுவலர்களை அழைக்கிறோம். அடுத்த ஆண்டு, பழுத்த ஓட்டுநர் ஒருவரையும் பயிற்சி நிலைய ஆசிரியர் ஒருவரையும் அழைக்கக் கூடாதா? லாரி ஓட்ட விரும்பும் மாணவர் எவரிடமும் கேட்க வெட்கப்பட்டுத் தனியே தடுமாறுவது அப்போதாவது நிற்கும்.

மாணவத் தோழர்களே! எல்லோரும் லாரி ஓட்டப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. மனமில்லாதவர் அந்த இருக்கையில் அமர்வது அவருக்கும் எதிரே வருபவருக்கும் கேடு. ஆனால் மனமுவந்து போகிறவரை நாம் தலைகுனிய வைக்க வேண்டாம். என் நண்பர் இப்போது இலகுரக உரிமம் பெற்றுவிட்டார். ஓராண்டு நிறையக் காத்திருக்கிறார். விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்து என் தந்தையிடம் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறார். வகுப்பில் அன்று சிரித்ததற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, நீயும் ஒருநாள் எங்க கூட வண்டியில வா" என்றார். வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.