பக்கவிளைவு யாருக்குப் பக்கத்தில்?

'பக்கவிளைவு' என்ற சொல்லின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. மருத்துவர் விரும்பியது நடந்தால் அது விளைவாம். மற்றதெல்லாம் பக்கத்தில் நடப்பதாம். யாருக்குப் பக்கத்தில்? மருந்து இறங்கிய உடல் ஒன்றுதானே.

ஹெபடைடிஸ் சி கல்லீரலைத் தின்னும் வைரஸ். 1990களிலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதற்கான சிகிச்சை என்றால் இன்டர்ஃபெரான் ஊசிதான். முதலில் வாரம் மூன்று முறை, பின்னாளில் வாரம் ஒருமுறை என்று ஆறு மாதமோ ஓராண்டோ போட்டுக்கொள்ள வேண்டும். அது உடலின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிடும். உசுப்பிவிட்ட படை சிலருக்குத் தைராய்டு சுரப்பியின் மீதே பாயும். சுரப்பு குறையும், அல்லது கூடும். கூடிப் பிறகு குறைவதும் உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி முன்பே ரத்தத்தில் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். இதில் ரகசியம் எதுவுமில்லை. ஊசி தொடங்குமுன்பும் நடுவிலும் டிஎஸ்எச் பார்க்க வேண்டும் என்று மருத்துவ நூல்களே எழுதிவைத்திருக்கின்றன.

பிறகென்ன? சுரப்பு குறைந்தவள் அதை எந்தச் சொற்களில் சொல்வாள் என்று யோசியுங்கள். அசதியா இருக்கு. முடி கொட்டுது. உடம்பு ஊதிக்கிட்டே போகுது. பீரியட்ஸ் தள்ளிப்போகுது. சும்மா சும்மா அழுகை வருது. காலங்காலமாகப் பெண்கள் சொல்லி, யாரும் காதில் வாங்காத அதே வாக்கியங்கள். 'பொம்பளைன்னா இருக்கத்தான் செய்யும்' என்ற பதில் தயாராகவே இருக்கிறது. இன்டர்ஃபெரானே அசதியும் மனச்சோர்வும் தரும் என்பது இன்னொரு வசதி: எல்லாவற்றையும் ஊசியின் கணக்கில் எழுதிவிடலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடியது அவளுடைய சுபாவமாகிவிடுகிறது.

அயர்லாந்துப் பெண்களுக்கு நடந்ததைப் பாருங்கள். ஆர்எச் நெகட்டிவ் தாய் பாசிட்டிவ் குழந்தையைப் பெற்றால், அடுத்த கர்ப்பத்தைக் காக்க ஆன்டி-டி ஊசி போடுவார்கள். 1977-78இல் அந்நாட்டு ரத்த வங்கி தயாரித்த ஊசியில் ஹெபடைடிஸ் சி கலந்திருந்தது. பிள்ளை பெற்றதற்காகவே நோய் வாங்கினார்கள். செய்தி வெளியே வந்தது 1994 பிப்ரவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்களுடைய சோர்வுக்குப் பிள்ளை வளர்ப்பும் நரம்புத் தளர்ச்சியும்தான் காரணமாகச் சொல்லப்பட்டன. டொனகாலைச் சேர்ந்த பிரிஜிட் மக்கோல், பன்னிரண்டு பிள்ளைகளின் தாய், வழக்குப் போட்டார். புனைபெயரில் வழக்காட நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. அவர் சாகக்கிடந்த நாட்களில்தான் ரத்த வங்கி பொறுப்பை ஒப்புக்கொண்டது. கூடுதல் தண்ட இழப்பீடு கேட்டுத் தோற்றால் செலவை உங்களிடம் வசூலிப்போம் என்ற மிரட்டலும் கூடவே வந்தது. 1996 அக்டோபர் 2 அன்று அவர் இறந்தார். பதினாறு, பதினேழு வருடம் 'வெறும் அசதி' என்று கேட்டுச் சலித்த இந்தப் பெண்களில் சிலருக்குத்தான் பிறகு, அசதியைக் கூட்டி, தைராய்டையும் குலைக்கக்கூடிய இன்டர்ஃபெரான் வந்து சேர்ந்தது.

இப்போது மாத்திரைகள் வந்துவிட்டன, பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரத்தில் குணமாகிறது, பழங்கதை எதற்கு என்பார்கள். சுரப்பி மீளாதவர்கள் இன்னும் தினமும் வெறும் வயிற்றில் தைராக்சின் விழுங்குகிறார்கள். அவர்களுக்கு இது பழங்கதையா? புற்றுநோய்க்கு இன்று தரும் நோயெதிர்ப்புச் சிகிச்சை மருந்துகளும் தைராய்டைத் தாக்குகின்றன. மருந்து புதிது. அசதி என்றதும் முகம் திருப்பும் பழக்கம் அதேதான்.

ஆகவே நான் கேட்பது கருணை இல்லை, காகிதம். முதல் ஊசிக்கு முன்பே, தமிழில், பெரிய எழுத்தில்: 'இந்த மருந்து உங்கள் தைராய்டைப் பாதிக்கலாம். அசதி கூடினால் டிஎஸ்எச் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முடிவின் நகல் உங்களுக்குச் சொந்தம்.' கையெழுத்து வாங்கும் படிவத்தில் இந்த மூன்று வரிக்கு இடமில்லை என்று எந்த மருத்துவமனை சொல்லும், பார்க்கலாம்.